கடவுச்சீட்டை அறியாத வழிகாட்டி

எங்கள் குடும்பத்தில் யாராவது வெளிநாட்டுக்குப் புறப்படுவதாக இருந்தால், பயணப்பெட்டி அடுக்கத் தொடங்குவதற்கு முன்பே அவர்களுடைய கைத்தொலைபேசி வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டு மேசைக்கு வந்துவிடும். சுவிஸில் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போகும் மாமி, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களைத் தரிசிக்கப் போகும் பெரியப்பா, லண்டனில் வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்வர நினைக்கும் தம்பி என ஒவ்வொருவரின் தேவையும் வேறுவேறாக இருந்தாலும், எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "அங்க இறங்கின உடன டேட்டா இல்லாட்டி மேப் வேலை செய்யுமோ?" அந்தக் கேள்விக்கான பதிலையும், அதைவிட முக்கியமானவை என்று நான் கருதும் வேறு சில விடயங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தான் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தொலைபேசி தானாகவே கண்டறிந்துகொள்ளும். ஆனால் போகும் இடத்தின் வரைபடம், அந்த இடத்தின் சரியான புள்ளி, நம் கையிலுள்ள வீசா எந்த எல்லைவரை செல்லுபடியாகும் என்பது, அந்த நாட்டின் வீதிச் சட்டம் ஆகியவற்றை நாம்தான் முன்கூட்டியே ஆயத்தப்படுத்த வேண்டும். அந்த ஆயத்தத்துக்கு உரிய இடம் கொழும்பில் நமது வீடுதான். நீண்ட பறப்புக்குப் பின் களைத்துப்போய் நிற்கும் விமான நிலைய வாசல் அதற்கு ஏற்ற இடமன்று.

டேட்டா இல்லாமலே இருப்பிடத்தை அறிவது எப்படி என்பதைப் பலர் நம்ப மறுப்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்க அரசு இயக்கும் ஜிபிஎஸ் முறையின் செய்மதிகள், குறைந்தது 24 என்ற கணக்கில், பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டே தமது நேரத்தையும் இருப்பிடத்தையும் வானொலிச் சமிக்ஞையாக அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நம் தொலைபேசி செய்வது அந்தச் சமிக்ஞைகளைக் கேட்பது மட்டுமே. செய்மதியை நோக்கி அது எதையும் அனுப்புவதில்லை. நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்துவிட்டால், ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துத் தன் இருப்பிடத்தை அது கணக்கிட்டுக்கொள்கிறது. இதற்கு சிம் அட்டையும் வேண்டியதில்லை, ரோமிங்கும் வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது; அதனால் கணிப்பு 100 மீட்டர் அளவுக்குக்கூட விலகக்கூடியதாக இருந்தது. அந்தத் தடை நீக்கப்பட்ட பின்னரே வீதிக்கு வீதி வழிகாட்டும் கருவிகள் சாதாரண மக்களுக்குப் பயன்படத் தொடங்கின. இன்று திறந்த வானத்தின் கீழ் நிற்கும் ஒரு தொலைபேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் எல்லைக்குள் தன் இடத்தைச் சொல்லிவிடும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பிய ஒன்றியத்தின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றின் செய்மதிகளையும் இப்போதைய தொலைபேசிகள் பெரும்பாலும் சேர்த்தே கேட்கின்றன.

ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. டேட்டா இருக்கும்போது, எந்தச் செய்மதி எங்கே இருக்கிறது என்ற விவரத்தைத் தொலைபேசி வலையமைப்பிலிருந்து உடனே பெற்றுக்கொள்வதால் சில நொடிகளிலேயே நம் இருப்பிடத்தைக் குறிக்கும் நீலப் புள்ளி தோன்றுகிறது. டேட்டா இல்லாதபோது அதே விவரத்தைச் செய்மதியிடமிருந்தே மெதுவாகக் கேட்டறிய வேண்டும். அந்தத் தகவல் 30 விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப ஒலிபரப்பாகிறது, இடையில் சமிக்ஞை அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இறங்கிய தொலைபேசி, விமான நிலையக் கூரைக்குக் கீழே நின்றபடி இன்னமும் புறப்பட்ட இடமான கட்டுநாயக்கவையே காட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் தொலைபேசியை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை. வெளியே வந்து, வானம் தெரியும் இடத்தில், சில நிமிடங்கள் அசையாமல் நின்றால் போதும்.

ஆகவே டேட்டா இல்லாதபோது நம்மிடம் இல்லாமற்போவது இருப்பிடமன்று, வரைபடமே. கூகுள் மேப்ஸ் செயலியில் வேண்டிய பகுதியைத் தெரிவுசெய்து வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அப்படி இறக்கிய வரைபடத்தில் வாகனத்துக்கான வழி மட்டுமே கிடைக்கும் என்பதும், நடப்பவருக்கான வழியும் பஸ், ரயில் விவரங்களும் வீதி நெரிசல் நிலைமையும் அதில் வராது என்பதும் அவ்வளவாகத் தெரிந்திருப்பதில்லை. வாகனம் ஓட்டாத மாமிக்கு அது அரைப்பங்கு உதவிதான். அதனால் 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் வரைந்து சேர்க்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தும் ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்மண்ட் போன்ற செயலிகளில் ஒன்றையும் நான் கட்டாயம் சேர்த்து நிறுவிக் கொடுப்பேன். இவற்றில் ஒரு நாட்டையோ ஒரு மாநிலத்தையோ முழுமையாக இறக்கிக்கொள்ளலாம். நடைபாதைகள், படிக்கட்டுகள், பூங்காவுக்குள் செல்லும் ஒற்றையடிப் பாதைகள்கூட டேட்டா இல்லாமலே தெரியும், நடக்கும் வழியையும் அது சொல்லும். கடை, உணவகம் போன்றவற்றைத் தேடுவதில் கூகுளுக்கு அவை ஈடாகமாட்டா என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனவே ஒன்றைக் கைவிட்டு மற்றதை எடுக்கச் சொல்லவில்லை, இரண்டையும் வைத்திருக்கச் சொல்கிறேன். இறக்கியதோடு விட்டுவிடாமல், தொலைபேசியை விமானப் பயன்முறையில் போட்டு, போகப்போகும் ஊரின் இரண்டு இடங்களுக்கு இடையே வழி கேட்டுப் பார்க்க வேண்டும். வழி வருமானால் ஆயத்தம் சரி. வராவிட்டால் திருத்திக்கொள்ள வீட்டிலேயே இன்னும் நேரம் இருக்கிறது.

அடுத்தது பெயர்களின் சிக்கல். தமிழ்நாட்டுத் தல யாத்திரைக்குப் போகும் நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய இடையூறு வேறில்லை என்று நினைக்கிறேன். குருபகவானுக்குரிய ஆலங்குடி திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இன்னோர் ஆலங்குடி தஞ்சாவூருக்குத் தெற்கே புதுக்கோட்டை மாவட்டத்தில், ஒரு தாலுகாவின் தலைமையிடமாக, நன்கு வளர்ந்த ஊராக இருக்கிறது. வெறுமனே ஊர்ப்பெயரைத் தட்டினால் எது முதலில் வரும் என்பது நாம் நிற்கும் இடத்தையும் செயலியையும் பொறுத்தது. திருமுல்லைவாயிலும் அப்படித்தான், ஒன்று சென்னைக்கு அருகே ஆவடிப் பக்கம், மற்றது சீர்காழிக்கு அருகே கடலோரத்தில். கோயிலின் பெயரையும் இறைவனின் பெயரையும் சேர்த்துத் தேடி, படங்களைப் பார்த்து உறுதிசெய்து, அந்தப் புள்ளியைப் புறப்படுமுன்பே சேமித்து வைப்பதுதான் பாதுகாப்பு. இதோடு ஒட்டிய இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஒன்பது தலங்களையும் மிகக் குறைந்த தூரத்தில் சுற்றிவரும் ஒழுங்கைச் செயலியின் உதவியோடு அமைத்துக்கொள்ளலாம், ஆனால் தமிழ்நாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணியளவிலேயே திறக்கும் என்பதை அந்த ஒழுங்கு கணக்கில் எடுப்பதில்லை. குறுகிய வழியில் விரைந்து போய், பூட்டிய கதவின் முன் வயதானவர்கள் வெயிலில் காத்திருப்பதைவிட, சற்றுச் சுற்றிப் போனாலும் நடை திறந்திருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்வதே நல்லது.

பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விளைவு பெரிதாகிவிடும். 2016ஆம் ஆண்டு ஐஸ்லாந்துக்குச் சென்ற ஓர் அமெரிக்கப் பயணி, தலைநகர் ரெய்க்யவிக்கில் உள்ள தன் விடுதியின் வீதிப் பெயரில் ஓர் எழுத்துக் கூடுதலாக எழுதப்பட்டிருந்ததால், வாடகை வாகனத்தின் வழிகாட்டியை நம்பி நாட்டின் வட கரையில் உள்ள சிக்லுஃபியோர்து என்ற சிற்றூருக்கே ஓட்டிச் சென்றுவிட்டார். தூரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 2012ஆம் ஆண்டு டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் பொலிஸார் விடுத்த எச்சரிக்கை இன்னும் கடுமையானது. மில்டுரா நகரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர் இல்லாத ஒரு தேசியப் பூங்காவின் நடுவே ஆப்பிள் நிறுவனத்தின் வரைபடம் அதைக் காட்டியதால் வாகனங்கள் அங்கே சிக்கிக்கொண்டன என்றும், அந்தப் பகுதியில் வெப்பம் 46 பாகை வரை ஏறக்கூடும் என்றும் அவர்கள் அறிவித்தார்கள். அந்தப் பிழை பின்னர் திருத்தப்பட்டது. நான் இவற்றை எடுத்துச் சொல்வதற்குக் காரணம், காட்டப்படும் மொத்தத் தூரத்தையும் நேரத்தையும் புறப்படுமுன் ஒரு முறை பார்க்கும் பழக்கம் இருந்தால் இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவற்றை வீதியில் இறங்குவதற்கு முன்பே கண்டுகொள்ளலாம் என்பதுதான்.

உறவினர் வீடுகளுக்கு முகவரியைவிடப் புள்ளியே மேல். வீட்டுக்காரரே தன் வாசலில் நின்று வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பிவிட்டால், அதைத் திறந்து சேமித்துக்கொள்ளலாம். அல்லது அகலாங்கையும் நெட்டாங்கையும் எண்களாகவே எழுதி வைக்கலாம். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருந்தால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும், ஐந்து இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்கு வந்துவிடும். அந்த எண்களை எந்தச் செயலியில் இட்டாலும், எந்த மொழி பேசும் நாட்டில் இட்டாலும், அதே இடத்தையே காட்டும். ஜேர்மனியின் ஹம் நகரில் 2002ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் ஒரு தொழிற்பேட்டைப் பகுதியில் அமைந்திருக்கிறது. நகரின் பெயரை மட்டும் கொடுத்து நகர மையத்தில் போய் இறங்கிக் கோபுரத்தைத் தேடினால் கிடைக்காது. தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் திரளும் நாளில் அந்தப் புள்ளி கையில் இருப்பது பெரிய ஆறுதல்.

இனி, நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்பும் விடயத்துக்கு வருகிறேன். வழிகாட்டும் செயலிகள் எல்லாம் மிக விரைவான வழியைத் தேடுகின்றன. அந்த வழி ஒரு நாட்டு எல்லையைக் கடக்கிறதா என்பது அவற்றுக்குப் பெரிய பொருட்டன்று. பல நாடுகளுக்கு வீசா இல்லாமலே சென்றுவரக்கூடிய கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அதனால் பாதிப்பில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடு பயணம் செய்யும் நமக்கு அப்படியில்லை. பெல்ஃபாஸ்ட்டிலிருந்து டப்ளினுக்குப் போகும் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது பிரித்தானியாவின் வட அயர்லாந்திலிருந்து அயர்லாந்துக் குடியரசுக்குள் செல்கிறது. வீதியில் நிலையான சோதனைச் சாவடி எதுவும் இல்லை, வேகப் பலகைகள் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதைத் தவிர எல்லை கடந்ததற்கு வேறு அடையாளம் கண்ணில் படாமலே போகலாம். பிரித்தானிய வீசா மட்டும் வைத்திருக்கும் இலங்கையர் ஒருவர் அங்கே செல்ல அயர்லாந்து வீசா தனியாக வேண்டும். செயலி இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது.

குரோஷியாவின் கடற்கரையில் ஸ்பிளிட் நகரிலிருந்து டுப்ரோவ்னிக் நகருக்குப் போகும் பழைய வழி, நியும் என்ற இடத்தில் பொஸ்னியாவுக்குச் சொந்தமான சிறிய கடற்கரைத் துண்டைக் கடந்து செல்கிறது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு ஒரே வீசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் வலயத்தில் குரோஷியா 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சேர்ந்தது, பொஸ்னியா சேரவில்லை. ஒரே ஒரு முறை நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் வீசாவோடு அந்தத் துண்டுக்குள் போனால், மறுபக்கம் குரோஷியாவுக்குள் மீண்டும் நுழைய அந்த வீசா செல்லாது. 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து குரோஷிய மண்ணிலேயே இருந்தபடி போக வழி உண்டு, ஆனால் எந்த வழியில் போகிறோம் என்பதைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டியவர் நாமே. கனடாவிலும் இதே நிலை: ரொறன்ரோவிலிருந்து வின்னிபெக்குக்கு வழி கேட்டால், சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே கனடாவுக்குள்ளேயே செல்லும் நீண்ட வீதியை விட்டு, அமெரிக்காவுக்குள் புகுந்து வெளியேறும் வழியைச் செயலிகள் முன்வைப்பதுண்டு. கனடா வீசாவில் அண்ணன் வீட்டுக்குப் போனவருக்கு அது பயன்படாத வழி.

வழியை முழுமையாகத் தெரியும்படி சுருக்கிப் பார்த்து, எல்லைக்கோடு எங்காவது குறுக்கிடுகிறதா என்று விரலால் தொட்டுக்கொண்டே போவது நல்ல பழக்கம். குறுக்கிட்டால், நாட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஊரை இடைத்தரிப்பாகச் சேர்த்து வழியை இழுத்துக்கொள்ளலாம். ஓஸ்மண்ட் செயலியில் எல்லை கடப்பதைத் தவிர்க்கும் தெரிவே தனியாக இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு இவ்வளவு தேவையான ஒரு வசதி மற்றச் செயலிகளிலும் வர வேண்டும் என்பது என் விருப்பம். பாசல் நகர விமான நிலையத்தைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். அது பிரான்ஸ் மண்ணில் அமைந்து, சுவிஸ் பக்கத்துக்கும் பிரான்ஸ் பக்கத்துக்கும் தனித்தனி வாயில்களைக் கொண்டது. வாகனத்தை எந்தப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்தோமோ அந்தப் பக்கத்தையே திரும்பக் கொடுக்கும் இடமாகக் குறித்து வைக்காவிட்டால், விமானத்துக்கு நேரமாகிவிட்ட பொழுதில் வெளியே போய்ச் சுற்றி வர நேரும். அதே பகுதியில் டேட்டாவுக்கும் ஓர் எல்லை உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் 2017 ஜூன் முதல் ரோமிங்குக்கு மேலதிகக் கட்டணம் இல்லை. சுவிஸ் அந்த ஒன்றியத்தில் இல்லை. பரிஸில் வாங்கிய சிம் அட்டையோடு பாசலுக்கு வருபவர், தொலைபேசி எந்த நாட்டு வலையமைப்பில் இணைந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வரைபடம் ஏற்கெனவே இறக்கப்பட்டிருந்தால் அந்த இடத்தில் டேட்டாவை நிம்மதியாக அணைத்துவிடலாம்.

வாகனம் ஓட்டுபவர்களுக்கான சட்டங்களும் கட்டணங்களும் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. சுவிஸ் அதிவேக நெடுஞ்சாலைகளில் ஓட 40 பிராங் பெறுமதியான ஆண்டு ஒட்டுச்சீட்டு அல்லது அதன் மின்னணு வடிவம் வேண்டும், இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் தண்டப்பணம். ஜேர்மனியில் வாடகைக்கு எடுத்த வாகனத்துக்கு அது இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம், பிராம்டன் பக்கமாகச் செல்லும் 407ஆம் இலக்கப் பாதையில் கட்டணச் சாவடியே கிடையாது. வாகன இலக்கத்தைப் படம்பிடித்து, பின்னர் வாடகை நிறுவனம் வழியாகக் கட்டணம் வந்து சேரும், நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் அதோடு சேரும். கட்டணப் பாதைகளைத் தவிர்க்கும் தெரிவை முதல் நாளே செயலியில் இயக்கி வைத்தால் இந்தக் கவலை இல்லை. மத்திய லண்டனுக்குள் வாகனத்தில் நுழைவதற்கு 2003ஆம் ஆண்டிலிருந்து நெரிசல் கட்டணம் இருக்கிறது. அதையும் கமராவே பார்த்துக்கொள்கிறது, செலுத்த வேண்டிய பொறுப்பு ஓட்டுபவருடையது.

தொலைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டினால் பிரித்தானியாவில் 200 பவுண் தண்டமும் அனுமதிப்பத்திரத்தில் ஆறு புள்ளிகளும் விழும். 2022 மார்ச்சில் அந்தச் சட்டம் இன்னும் இறுக்கப்பட்டது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது எடுத்துப் பார்ப்பதும் குற்றமே. ஆகவே தொலைபேசியைப் பொருத்தும் தாங்கி ஒன்றைக் கொழும்பிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வேகக் கண்காணிப்புக் கமராக்கள் இருக்கும் இடத்தை முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி சில செயலிகளில் இயல்பாகவே இயங்கும். அதைச் சுவிஸில் பயன்படுத்துவது சட்டவிரோதம், ஜேர்மனியில் ஓட்டுபவர் பயன்படுத்தக் கூடாது, பிரான்ஸில் 1,500 யூரோ வரை தண்டம் விதிக்கப்படலாம். அந்த நாடுகளுக்குப் போகுமுன் அதை அணைத்துவிடுவது ஒரு நிமிட வேலை. பிரித்தானியாவில் செயலி மைலிலும் யாரிலும் தூரம் சொல்லும்போது, அதைக் கிலோமீட்டருக்கு மாற்றிவிடலாமா என்று தம்பி கேட்டான். மாற்ற வேண்டாம் என்றே சொன்னேன், ஏனென்றால் வீதிப் பலகைகளும் வாகனத்தின் வேகமானியும் மைலிலேயே இருக்கும்போது காதில் மட்டும் கிலோமீட்டர் கேட்பது குழப்பத்தையே தரும். வலப்பக்கமாக ஓட்டும் நாடுகளில் சுற்றுவட்டத்தை நம் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். "இரண்டாவது வெளிவாயில்" என்று குரல் சொல்லும்போது எண்ணத் தொடங்க வேண்டியது வலப்பக்கத்திலிருந்து. வாடகை வாகனத்தோடு தொலைபேசியை இணைத்திருந்தால், திருப்பிக் கொடுக்குமுன் அதன் நினைவகத்திலிருந்து நம் தொடர்பு எண்களையும் போய்வந்த முகவரிகளையும் அழித்துவிட வேண்டும். அடுத்து எடுப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது.

கூகுளை மட்டும் நம்பிப் போகக் கூடாத நாடுகளும் உண்டு. தென்கொரியா, பாதுகாப்புக் காரணங்களை முன்வைத்துத் துல்லியமான வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல நீண்ட காலம் இடமளிக்காததால், அங்கே நேவர், ககாவோ ஆகியவற்றின் வரைபடச் செயலிகளே மக்களின் பழக்கத்தில் இருக்கின்றன. சீனாவின் வரைபடங்கள் உலகப் பொது முறையிலிருந்து விலகிய ஆள்கூற்று முறையைப் பின்பற்ற வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதனால் வெளிநாட்டு வரைபடத்தில் நம் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி விழக்கூடும். ஜப்பானில் வாடகை வாகனத்திலுள்ள வழிகாட்டியில் விடுதியின் தொலைபேசி இலக்கத்தை இட்டாலே போதும், இடம் வந்துவிடும். டுபாயில் ஒவ்வொரு கட்டட வாசலிலும் மகானி எனப்படும் பத்து இலக்க எண் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கே வேலைசெய்யும் உறவினரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்தால் வாசலுக்கே போய்ச் சேரலாம். இந்தியாவுக்குப் போகிறவர்கள், மலையேற்றத்துக்கென்று விற்கப்படும் செய்மதித் தொடர்புக் கருவிகளை எடுத்துச் செல்லாதிருக்க வேண்டும். முன் அனுமதியில்லாமல் அவற்றை வைத்திருந்த பயணிகள் விமான நிலையங்களில் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். சாதாரணத் தொலைபேசியின் ஜிபிஎஸ்ஸுக்கு இந்தத் தடை இல்லை.

நடந்து திரிபவர்களுக்கு வேறுவகையான உதவி தேவைப்படுகிறது. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் வளர்ந்த நமக்குத் திசை என்பது தனியாகக் கற்க வேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. காலி வீதி கடலை ஒட்டியே ஓடுகிறது. கடற்கரைப் பக்கம், தரைப் பக்கம் என்று சொன்னாலே மேற்கும் கிழக்கும் விளங்கிவிடும். பரிஸில் லா ஷப்பல் பகுதித் தமிழ்க் கடைகளுக்குப் போவதற்காக கார் டு நோர் நிலையத்தின் நிலக்கீழ்ப் பாதைகளிலிருந்து மேலே ஏறி வருபவருக்கு அப்படி ஒரு கடல் இல்லை. நிலத்துக்கடியில் செய்மதிச் சமிக்ஞை கிடைக்காததால் மேலே வந்தவுடன் நீலப் புள்ளி பழைய இடத்திலேயே நிற்கும், அதன் முன்னே விரியும் ஒளிக்கற்றை தவறான பக்கத்தைக் காட்டும். அந்த நேரத்தில் தொலைபேசியைக் காற்றில் எட்டு என்ற எண்ணின் வடிவில் சில தடவை அசைத்தால் அதன் திசைகாட்டி சீராகும். அதற்குப் பிறகும் ஐயமிருந்தால், ஒரு திசையில் சிறிது தூரம் நடந்து புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பதே நம்பகமான வழி. உயர்ந்த கட்டடங்கள் நெருங்கி நிற்கும் சிங்கப்பூர் போன்ற நகரங்களில் சமிக்ஞை சுவர்களில் பட்டுத் தெறித்து வருவதால் புள்ளி அடுத்த வீதிக்குத் தாவுவதும் உண்டு. அங்கெல்லாம் வீதிப் பெயர்ப் பலகையை வாசித்து ஒப்பிட்டுக்கொள்வதை நான் எல்லோருக்கும் வலியுறுத்துகிறேன்.

வழிகாட்டலை நெடுநேரம் பயன்படுத்தினால் பற்றரி விரைவாக இறங்கிவிடும், குளிர்நாடுகளில் இன்னும் விரைவாக இறங்கும். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. தங்கும் வீட்டு முகவரியையும் மகளின் தொலைபேசி இலக்கத்தையும் அந்த நாட்டு எழுத்தில் ஒரு தாளில் எழுதி மாமியின் கைப்பைக்குள் வைப்பேன். தொலைபேசி அணைந்துபோனாலும் எந்த டாக்ஸிக்காரரிடமும் காட்டலாம். வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பும் முறையையும், நேரடி இருப்பிடத்தை 15 நிமிடம், ஒரு மணி, எட்டு மணி என்று பகிரும் முறையையும் அவர்களே தம் கையால் செய்யும்வரை சொல்லிக் கொடுப்பேன். அந்தப் பகிர்வுக்கு டேட்டா வேண்டும் என்பதையும் கூடவே சொல்லுவேன், இல்லாவிட்டால் இங்கே காத்திருப்பவர்கள் புள்ளி அசையவில்லையே என்று பயந்துபோவார்கள்.

எல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகு, கொழும்பு வரைபடத்தையும் இறக்கி, டேட்டாவை அணைத்துவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து பம்பலப்பிட்டிப் பிள்ளையார் கோயில்வரை அந்த நடைவழிச் செயலியைப் பார்த்தே போய்வரச் சொல்லுவேன். நன்றாகத் தெரிந்த வழி என்பதால் செயலி எங்கே தயங்குகிறது, எங்கே பிந்திச் சொல்கிறது, எந்த ஒழுங்கையைத் தவறாகக் காட்டுகிறது என்பதெல்லாம் அவர்களுக்கே புலப்படும். "இது சொல்லுற இடத்தில திரும்பாமல் ஒரு வீடு தள்ளித் திரும்ப வேணும்" என்று மாமி வந்து சொன்ன பிறகுதான் சுவிஸ் வரைபடத்தை இறக்கிக் கொடுத்தேன்.